பழச்சாற்றில் சேரும் நொதிகளும் அரசாங்க அனுமதியும்

கிராமத்தில் விளையும் பழங்களைக் கிராமத்திலேயே சாறாகவும் கூழாகவும் பதப்படுத்தி விற்பனை செய்தால், அறுவடைக் காலத்து விலை வீழ்ச்சியினின்றும் உழவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழமும் மிகுதியாக விளைகின்றன. இத்தகைய பகுதிகளில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சாறு தயாரிக்க முன்வருங்கால், ஒரு கேள்வி எழுவது இயல்பு. சாற்றைத் தெளிவிக்கச் சேர்க்கப்படும் நொதிக்கு அரசாங்கத்தின் அனுமதி உண்டா என்பதே அது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏன் இயலாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நொதி என்பது யாது?

உயிரணுக்களில் உண்டாகி, ஒரு பொருள் வேறொரு பொருளாக மாறும் வினையை விரைவுபடுத்தும் புரதமே நொதி. என்சைம் என்றும் இதனை வழங்குவர். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. இறைச்சி விரைவில் வேகும்பொருட்டுப் பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்ப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். அங்கு வேலை செய்வது பப்பாளியிலுள்ள நொதியே. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி இறுகாமல் நெகிழ்ந்திருப்பதும், முளை விடுங்கால் தோன்றும் நொதியின் செயலாகும்.

பழத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் பசை போன்ற பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். ஜாம் இறுகுவதற்கு உதவுவது இதுவே. ஆனால் சாறு பிழியும்போது இதுவே தடையாகின்றது. சாற்றின் ஒரு பகுதியைச் சக்கையிலேயே பிடித்து வைத்துக்கொள்வதோடு, பிழிந்த சாற்றையும் கலங்கலாக்குகின்றது. பெக்டினேஸ் என்னும் நொதி இப்பெக்டினைச் சிதைக்கின்றது. அதனால் சாறு கூடுதலாகக் கிடைக்கின்றது, விரைவில் தெளிகின்றது. திராட்சையாயின் தோலிலுள்ள நிறமும் எளிதில் சாற்றில் இறங்குகின்றது. பணி முடிந்தபின் சாற்றைச் சூடாக்கினால் நொதி செயலிழந்துவிடும்.

அனுமதி எதற்கு?

தொழிலில் உபயோகிக்கும் பெக்டினேஸ் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கருநிறப் பூஞ்சணத்தை வளர்த்துப் பெறப்படுவதாகும். பூஞ்சணம் நொதியை மட்டும் உண்டாக்குவதில்லை. வேறு பொருள்களையும் உண்டாக்குகின்றது. பூஞ்சண வகைகளுட் சில நச்சுப் பொருள்களை உண்டாக்க வல்லவை. ஆகவே நொதி எந்த உயிரியிலிருந்து பெறப்பட்டது, எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது என்பன முக்கியமாகின்றன.

உணவுச் சேர்மானங்களை ஆராய, உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து 1956-ஆம் ஆண்டு முதல் ஒரு நிபுணர் குழுவை நடத்தி வருகின்றன. நொதித் தயாரிப்பில் ஈயம் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 25 கிராம் மாதிரியில் சால்மொனெல்லா கிருமி இருத்தலாகாது என்பன அக்குழு வகுத்த தரங்களுள் சில.

நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நொதிகளுக்கும் பொருந்தும். விதிமுறைகளுக்கு உட்பட்டாலன்றி எந்தச் சேர்மானமோ, செய்முறைத் துணைப்பொருளோ உணவில் இருத்தலாகாது என்று அதன் 19-ஆம் பிரிவு கூறுகின்றது. சாறு தயாரிப்பில் நொதி அத்தகைய துணைப்பொருளே. இதற்கு முன் இடம்பெறாத புதிய நொதியாயின், 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆணையத்தின் முன் அனுமதியைத் தனியே பெறுதல் வேண்டும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

அனுமதி என்பது நொதியின் பெயருக்கு மட்டும் கிடைப்பதன்று. இன்ன உயிரியிலிருந்து பெற்று, இன்ன உணவில், இன்ன நிபந்தனையோடு சேர்ப்பதற்கே கிடைப்பது. அமெரிக்காவில் ஒயின் தயாரிப்புக்கு உள்ள விதிகள் இதற்கு நல்ல உதாரணமாகும். யூரியேஸ் என்னும் நொதி ஒயினிலுள்ள யூரியாவைச் சிதைத்து, எத்தில் கார்பமேட் என்னும் தீய பொருள் உண்டாவதைக் குறைக்கின்றது. அதனை அனுமதித்த விதி, அது பெறப்பட வேண்டிய பாக்டீரியாவின் பெயரையும் குறிப்பிட்டுள்ளது. கோழிமுட்டை வெண்கருவிலிருந்து பெறப்படும் லைசோசைமுக்கு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் என வரம்பு உண்டு. முட்டை ஒவ்வாதவர்க்கு இது கேடு தரலாம்.

இவ்வுண்மை நம் கிராமங்களுக்கும் பொருந்தும். பெக்டினேஸ் என்ற பெயரிலேயே பருத்தித் துணியைப் பதப்படுத்தும் நொதியும் விற்கப்படுகின்றது. அது பெரும்பாலும் காரத் தன்மையுள்ள நீரில் வேலை செய்யும் வகையாகும். புளிப்புள்ள சாற்றில் நன்கு செயற்படாது. உணவுக்குரிய தூய்மையும் அதற்கு விதிக்கப்பட்டதன்று. விலை மலிவு என்று கருதி அதனை வாங்கிச் சேர்த்தால் சாறும் தெளியாது; உண்பவர் உடல் நலத்திற்கும் உத்தரவாதம் இல்லை. ஒரு முறை மக்களின் நம்பிக்கையை இழந்த சரக்கை மீண்டும் சந்தையில் நிறுத்துதல் அரிது.

கவனிக்க வேண்டியவை

1. சிப்பத்தின் மேல் நொதியின் பெயர், பெறப்பட்ட மூலம், உணவுத் தரம் என்ற குறிப்பு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத பொடியையும், பிரித்து எடை போட்டுத் தரும் சரக்கையும் வாங்கலாகாது.

2. தயாரிப்பாளரிடம் ஆய்வுச் சான்றிதழ் கேட்டுப் பெற்று, வாங்கிய ரசீதுடன் கோப்பில் வைத்தல் நலம்.

3. அளவு, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றில் தயாரிப்பாளரின் குறிப்பையே பின்பற்ற வேண்டும். அதிகம் சேர்த்தால் அதிகப் பயன் என்பது தவறு. ஜாம் செய்யும் பழக்கூழில் பெக்டினேஸ் சேர்க்கலாகாது, ஜாம் இறுகாது.

4. பெக்டின் சிதையுங்கால் மெத்தனால் சிறிதளவு வெளிப்படும். ஆதலால் மதுபானங்களில் இதன் அளவு கண்காணிக்கப்பட வேண்டியதாகும். நம் மாநிலத்தில் உரிமமின்றி ஒயின் செய்தல் மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றமாகும். சாறு புளித்துப் போகாமல் காப்பதே நம் குழுக்களின் வேலை.

5. ஐயம் எழுந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரை அணுகலாம். தொழில்நுட்ப அறிவுக்கு, 1950-ஆம் ஆண்டில் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்றவை உள்ளன.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் பதப்படுத்தும் தொழில் தொடங்குவோரை ஊக்குவிக்கும்போதே, இச்செய்திகளையும் கிராம சபையில் எடுத்துரைத்தல் வேண்டும். அனுமதி என்பது தொழிலுக்கு இடப்பட்ட முட்டுக்கட்டையன்று; வாங்குவோர் நம்பிக்கைக்கு அமைந்த அடித்தளம். சீட்டைப் படித்து வாங்கும் பழக்கம் ஒன்றே நம் பழத்திற்கு நல்ல விலையையும், நம் சாற்றிற்கு நல்ல பெயரையும் தேடித்தரும் என்பது திண்ணம்.