கூதிர் காலத்து ஏற்காடு

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்ததும் இலைகளில் பச்சையம் சிதைந்து, மஞ்சளும் சிவப்பும் தோன்றுகின்றன. அவ்வழகைக் காணவே மக்கள் பூங்காக்களை நாடிச் செல்வர். நம் சேர்வராயன் மலையிலோ ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். ஏற்காட்டில் இலைகள் பசுமை கொள்ள, நிறம் காட்டுவது கனியே. பங்குனி, சித்திரை மழைக்கு வெண்மையாய்ப் பூத்த காப்பிச் செடிகளில் அப்போது பழங்கள் சிவக்கத் தொடங்குகின்றன.

அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையினர் 1963-ஆம் ஆண்டில் நிறுவிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. ஆர்க்கிட் செடிகளுள் பல, மரப்பட்டையைப் பற்றி வாழ்பவை. எனினும் மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. மழைநீரும் காற்றின் ஈரமுமே அவற்றிற்குப் போதும். அவற்றின் விதைகள் தூசி போன்றவை. தம்முள் உணவுச் சேமிப்பு இல்லாமையால், தக்க பூஞ்சணத்தின் துணையின்றிக் காட்டில் முளைக்கமாட்டா. ஆகவே, ஒரு மரத்தை வெட்டினால் அதன்மீது பல்லாண்டு வளர்ந்த செடிகளும் அழிகின்றன.

காப்பி பயிரிடும் அங்கத்தினர்கள் நிழல்மரங்களில் காணும் இச்செடிகளைப் புல்லுருவி எனக் கருதிப் பிடுங்கலாகாது. கிளை கழிக்கும்போது வீழ்ந்தவற்றை வேறு மரத்தில் நாரினால் கட்டிவிடுக. மலையைக் காணச் செல்வோரும் அவற்றைப் பறித்து வருதல் வேண்டா. நூலின் சாயம் வெளுத்தால் நெசவாளர் மீண்டும் தோய்த்துக்கொள்ளலாம்; மலையின் நிறம் வெளுத்தால் தோய்ப்பார் யார்?