டிக்கி வைத்த கார்: குடும்பத்துக்கான செடானை மதிப்பிடும் முறை

எஞ்சினுக்கு ஓர் அறை, ஆட்களுக்கு ஓர் அறை, சாமான்களுக்கு ஓர் அறை என்று மூன்றும் தனித்தனியாக அமைந்த கார்தான் செடான். பேச்சு வழக்கில் ‘டிக்கி வைத்த கார்’ என்றால் யாருக்கும் புரியும். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் சாமான்கள் பின்சீட்டுக்குப் பின்னால், ஆட்கள் இருக்கும் அதே அறையில்தான் கிடக்கும். செடானில் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அதனால் பின்சக்கரங்களின் இரைச்சல் உள்ளே குறைவாகவே வரும். ஏசி ஆட்கள் இருக்கும் இடத்தை மட்டும் குளிர்வித்தால் போதும். கூரை தாழ்ந்திருப்பதால் காற்றைக் கிழித்துச் செல்வதும் எளிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும்: 80 கி.மீ. வேகத்தைவிட 100 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் திருநெல்வேலி செல்லும் நான்குவழிச் சாலையில் செடான் சாலையோடு ஒட்டிப் போவதற்கும், எண்ணெய் குறைவாகக் குடிப்பதற்கும் காரணம் இந்த உடலமைப்புதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த வடிவம் புதிதல்ல. உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் கலெக்டருக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் பொதுவான வண்டியாக இருந்தது. 1998-இல் ஹோண்டா சிட்டி வந்தது. 1999-இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட்டும் வெளிவந்தன. நடுத்தர செடான் என்ற வகுப்பு இந்நாட்டில் நிலைபெற்றது அந்த ஆண்டுகளில்தான். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் 4 மீட்டருக்குக் குறைந்த சிறிய கார்களுக்கு வரிச்சலுகை தந்தது. விளைவாக டிக்கியின் வாலை வெட்டிய குட்டி செடான்கள் பிறந்தன. 2008-இல் 4 மீட்டரைத் தாண்டிய நீளத்தோடு வந்த மாருதி டிசையர், 2012-இல் 3,995 மி.மீ.க்குச் சுருங்கியது இதற்கு நல்ல சான்று. சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஆகியவை நான்கரை மீட்டர் நீளத்தை ஒட்டியவை. 2014-இல் வந்த மாருதி சியாஸ் இதே வகுப்பு. 2025-இல் நின்றுவிட்டாலும் பழைய கார்ச் சந்தையில் நிறையக் கிடைக்கிறது.

இந்த அரை மீட்டர் வித்தியாசம் முக்கியமாகப் பின்சீட்டுக்கும் டிக்கிக்கும்தான் போய்ச் சேர்கிறது. டிசையரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2,450 மி.மீ., டிக்கியின் கொள்ளளவு 380 லிட்டரை ஒட்டியது. 2023-இல் வந்த வெர்னாவில் அந்த இடைவெளி 2,670 மி.மீ., டிக்கி 528 லிட்டர். ஆக, கூடுதல் பணம் கொடுத்து நடுத்தர செடான் வாங்குபவர் பெரும்பாலும் பின்சீட்டுக்காகவே அதைக் கொடுக்கிறார். ஆனால் ஷோரூமில் வண்டியை ஓட்டிப் பார்ப்பவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பிக்கப்பைப் பார்த்து, தொடுதிரையைத் தட்டிப் பார்த்து இறங்கிவிடுகிறார். குடும்பக் கார் வாங்குவதில் நேரும் பெரிய பிழை இதுதான்.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை எடுத்துக்கொள்ளலாம். 1970 முதல் அரசு சிமென்ட் ஆலை இயங்கிவரும் ஊர். கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது நாள்தோறும் தேவைப்படாது. தேவைப்படும் நாளில் நிறைந்துதான் ஓடும். சிவகாசிக்கு ஆஸ்பத்திரி, ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், மதுரையில் ஜவுளி, சாரல் மாதத்தில் குற்றாலம். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் 350 கிலோவைத் தாண்டும். சுமார் 1,100 முதல் 1,250 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது சிறிய சுமையல்ல. எனவே ஓட்டிப் பார்க்கும்போதே குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போவதுதான் சரியான சோதனை. முழங்கால் வலி உள்ள பாட்டிதான் இதில் தலைமை நீதிபதி. செடானின் சீட் தாழ்வானது. உட்காரும்போது தொப்பென்று விழவும், எழும்போது யாராவது கை கொடுக்கவும் நேர்ந்தால் அந்த வண்டி அந்த வீட்டுக்கு ஆகாது. அழகுக்காகப் பின்புறம் சரிந்து இறங்கும் கூரை ஏறும்போது தலையில் இடிக்கிறதா, நடுவில் உட்காருபவரின் காலடியில் தரை மேடு எவ்வளவு உயரம், பின்னால் ஏசி துவாரம் உண்டா, நடு சீட்டுக்கும் தோளோடு சேர்ந்த பெல்ட் இருக்கிறதா என்பவற்றைப் பின்சீட்டில் உட்கார்ந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்தது தரையிலிருந்து வண்டியின் உயரம். விளம்பரத் தாளில் சிட்டிக்கு 165 மி.மீ., ஸ்லாவியாவுக்கும் விர்டஸுக்கும் 179 மி.மீ. என்று இருக்கும். அது வெறும் வண்டியின் கணக்கு. ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். இரண்டு சக்கரங்களுக்கிடையே தூரம் கூடக்கூட நடு வயிறு மேட்டில் உரசும் வாய்ப்பும் கூடுகிறது. அதாவது பின்சீட்டுக்கு இடம் தந்த அதே நீளம் வேகத்தடையில் தொல்லை தரும். கிராமச் சாலைகளில் அளவின்றிப் போடப்பட்ட வேகத்தடைகள் உள்ள பகுதியில், வீட்டுக்கு அருகிலிருக்கும் மிக மோசமான தடையில் முழுச் சுமையோடு ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை.

டிக்கியைப் பற்றி, பட்டாசு விளையும் வட்டாரம் என்பதால், ஒன்று சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு முன் அதில் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போகும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. மூடிய டிக்கி வெயிலில் சூடேறும். பின்விளக்குகளின் ஒயர்கள் அதன் ஓரமாகவே ஓடுகின்றன. பின்னால் வரும் வண்டி மோதினால், ஆட்களைக் காப்பதற்காக முதலில் நசுங்கும்படி அமைக்கப்பட்ட பகுதியும் அதுதான்.

எஞ்சினில் குதிரைத்திறனைவிட முறுக்குவிசை எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதே குடும்பக் காருக்கு முக்கியம். சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 145 நியூட்டன் மீட்டர் விசையை நிமிடத்துக்கு 4,300 சுழற்சியில் தருகிறது. ஸ்லாவியா, விர்டஸ் இரண்டிலும் உள்ள 1 லிட்டர் டர்போ எஞ்சின் 178 நியூட்டன் மீட்டரை 1,750 சுழற்சியிலேயே கொடுத்துவிடும். சுமையோடு போகும்போது சிமென்ட் லாரியை முந்த வேண்டுமென்றால், முதல் வண்டியில் கியரைக் குறைத்து எஞ்சினை உறும விட வேண்டும். இரண்டாவதில் மிதித்தால் போதும். அதற்கு விலையும் உண்டு. டர்போ கடும் சூட்டில் வேகமாகச் சுழலும் பொருள். ஆயில் மாற்றுவதில் தாமதத்தைப் பொறுக்காது. பத்து ஆண்டுகள் வைத்திருந்து, உள்ளூர் மெக்கானிக்கிடமே காட்ட நினைக்கும் வீட்டுக்கு டர்போ இல்லாத எளிய எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் இன்னும் நல்ல தேர்வே. மைலேஜை அறிய விளம்பர எண்ணை நம்பத் தேவையில்லை. டேங்கை நிரப்பி, 300 கி.மீ. ஓட்டி, மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்தால் உண்மை வந்துவிடும்.

பாதுகாப்பில் காரின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. தயாரித்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு 64 கி.மீ. வேகத்தில் காரின் முன்பக்கத்தை மோதவிட்டுச் சோதிக்கிறது. முந்தைய தலைமுறை டிசையருக்கு 2 நட்சத்திரம்தான் கிடைத்தது. 2024-இல் வந்த புதிய டிசையர், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 பெற்றது. ஸ்லாவியாவும் விர்டஸும் வெர்னாவும் 2023-இல் 5 நட்சத்திரம் பெற்றவை. அதே 2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்தச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. ஏபிஎஸ் பிரேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019-இல்தான் என்பதைப் பழைய கார் தேடுபவர் மனத்தில் வைக்க வேண்டும்.

புதிய செடானின் விலையில் வரியின் பங்கு பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் அடங்கிய 1,200 சிசி வரையிலான பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நடுத்தர செடானுக்கு 40 சதவீதம். அதன் மேல் மாநிலத்தின் ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் ஏறும். சாலைக்கு வந்ததும் மதிப்பு இறங்கத் தொடங்குகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மானக் கணக்குப்படி ஓராண்டு முடியுமுன் 15 சதவீதம், மூன்று முதல் நான்கு ஆண்டு வயதில் 40 சதவீதம், ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதம் குறைந்துவிடும். எஞ்சினோ முறையாகப் பராமரித்தால் அதன் ஆயுளில் சிறு பகுதியைத்தான் அதுவரை செலவழித்திருக்கும். நான்கு வயதுள்ள செடான், வாங்கத் தெரிந்தவருக்கு லாபமான பொருள் என்று சொல்வதற்குக் காரணம் இந்த இடைவெளி.

பழைய காரைப் பார்க்கும்போது பெயின்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஈரமில்லாத உடலைப் பார்க்க வேண்டும். கழுவிய ஈரம் கீறலையும் நிற வேறுபாட்டையும் மறைத்துவிடும். கதவுகளுக்கும் பம்பருக்கும் இடையிலான சந்து இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, பானெட் கீல்களின் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா என்று கவனிக்க வேண்டும். டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தம் சரியாக ஒட்டாது. ஆனால் பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே இந்தச் சோதனை செல்லாது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுக் கீழே உள்ள தகட்டைப் பார்த்தால், பின்னால் பலமாக இடி வாங்கிய வண்டி தன் சுருக்கங்களைக் காட்டிவிடும். எல்லாக் கண்ணாடிகளிலும் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சிமென்ட் தூசி படியும் ஊரில் நின்ற வண்டியில் இன்னொன்றும் உண்டு. பனி ஈரத்தில் அந்தத் தூசி கூரையிலும் பானெட்டிலும் இறுகிச் சொரசொரப்பாகும். உள்ளங்கையால் தடவினால் தெரியும்.

வெள்ளம் பார்த்த வண்டியை அடையாளம் காண்பது தென்மாவட்டத்தில் இன்று அவசியமான அறிவு. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையும் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களும் மூழ்கின. அப்படி நின்ற கார்கள் துடைக்கப்பட்டு, வேறு ஊரில் விலைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். சீட்டின் கீழுள்ள தண்டவாளத்தில் துரு, தரை விரிப்புக்கு அடியில் வண்டல், ஏசி போட்டதும் எழும் பூஞ்சை வாசனை ஆகியவையும் சாட்சிகள். ஒயர் இணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்த காரில் கோளாறு மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாக வரும். அத்தகைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எஞ்சினை அதிகாலையில், ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாத நிலையில் பார்க்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை கூலன்ட் எரிவதைக் காட்டும். ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தாலும் தண்ணீர் கலந்திருக்கலாம். கூலன்ட் தொட்டியில் நிறமற்ற நீர் இருந்தால் அது தனி எச்சரிக்கை: உப்புக் கலந்த போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் காரை படிந்து, கோடையில் எஞ்சின் கொதித்துவிடும். ஏசியை நண்பகலில், வெயிலில் நிறுத்தியபடி பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெக்கையடித்தால் கண்டென்சரில் கரிசல் புழுதி அடைத்திருக்கலாம், அல்லது அதன் விசிறி பழுதாகியிருக்கலாம். கிளட்ச் மிக மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் பிளேட் தேய்ந்தது.

ஓடிய தூரத்தைக் காட்டும் டிஜிட்டல் எண்ணையும் மாற்றிவிட முடியும். 40,000 கி.மீ. என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகவும், ஸ்டியரிங் பளபளத்தும் இருந்தால் எண்ணைவிட அவற்றையே நம்பலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட் கெட்டிருக்கும், அல்லது அடித்தளமே வளைந்திருக்கும்.

டீசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2023-இல் சிட்டியிலும் வெர்னாவிலும் டீசல் நின்ற பிறகு இந்த வகுப்பில் அது பழைய காராகத்தான் கிடைக்கிறது; நீண்ட தூரம் அடிக்கடி போகிறவருக்கு மட்டும் லாபம். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டதால் அங்கிருந்து மலிவாக வரும் கார்களுக்கு என்.ஓ.சி., தமிழ்நாட்டு மறுபதிவு, வரி எல்லாம் சேர்ந்தால் மலிவு கரைந்துவிடும். பெட்ரோல் வண்டியில் 2023-க்கு முந்தையது என்றால், 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அதன் ரப்பர் குழாய்களும் சீல்களும் ஏற்றவையா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காகிதங்களில் ஆர்.சி.யிலுள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியில் பொறித்தவற்றோடு நேரில் ஒப்பிட வேண்டும். கடன் நிலுவை இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் முன்பணம் தரக்கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இதை விற்பவரும் அலட்சியம் செய்யக்கூடாது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; அதன் பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உரிமை மாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் புதிய பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும்.