யான் கண்ட நெய்தல் நகர்

ஆங்கிலத்திலே 'லகூன்' என வழங்குஞ் சொல் ஆங்கிலேயர்க்கு உரியதன்று. வெனிஸ் நகரத்தார் தம் ஊரைச் சூழ்ந்த ஆழமில்லா உவர்நீர்ப் பரப்புக்கு இட்ட 'லகூனா' என்னும் பெயரே அது. உலகத்துக் களப்புகள் யாவும் இன்று நூல்களிலே அந்த ஒரு களப்பின் பெயரையே பூண்டு நிற்கின்றன. ஊர்ப்பெயரின் ஈற்றிலேயே 'களப்பு' என்னுஞ் சொல்லை வைத்திருக்கும் மட்டக்களப்பாராகிய நாமும், ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால், இரவற் சொல்லாலேயே நம் வாவியைச் சுட்டுகின்றோம். இச்சொல்லாராய்ச்சிதான் என்னை முதலில் அந்நகரின்பால் ஈர்த்தது என்றால், தமிழாசிரியனுக்கு வேறென்ன தெரியும் என்று நகைப்பார் உளர். நகைக்கட்டும்.

வெனிஸ் தமிழர்க்குப் புதிய பெயரன்று. சேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனைப் பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' எனத் தமிழாக்கினார். அதனால் வெனிஸ் கலைமகளின் ஊராயிற்று. அதற்கு ஆறு நூற்றாண்டு முன்னரே, 1271இல் வெனிசிலிருந்து புறப்பட்டு 1295இல் மீண்ட மார்க்கோ போலோ, ஈழத்தையும் பாண்டிநாட்டுக் காயல் துறையையும் பற்றித் தன் நாட்டார்க்கு உரைத்தான். காயல் என்பதும் கழியைக் குறிக்குஞ் சொல்லே. களப்பிற் பிறந்தவன் களப்பின் பெயர் தாங்கிய துறையைப் பேசினான் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில், சூரிச் நகரிலே வாழும் என் தமக்கை மகனிடம் போயிருந்தேன். போர்க்காலத்தில் நாட்டைவிட்டுப் போனவன் அவன். "எந்த ஊர் பார்க்க ஆசை, மாமா?" என்றான். பாரிஸ், இலண்டன் என்று எதிர்பார்த்தவனிடம் வெனிஸ் என்றேன். அல்ப்ஸ் மலையைத் துளைத்துக்கொண்டு சென்ற புகைவண்டி, மிலான் நகரில் மாறி ஏறிய பின், மாலைப் பொழுதில் 1846இல் திறக்கப்பெற்ற நீண்ட பாலத்தின்மேல் ஏறியது. இருமருங்கும் நீர். மெல்லத் தாழும் வெயில். தூரத்திலே கோபுரங்கள். நிலையத்தின் வாயிலைக் கடந்து படியிலே நின்றதும் எதிரே தெருவில்லை, பெருங்கால்வாய் ஓடிற்று.

அப்பொழுது மூக்கிலே பட்டது ஒரு மணம். உப்பும் சேறும் பாசியும் கலந்த மணம். கல்லடிப் பாலத்தின்மேல் நீர் வற்றிய காலத்தில் வருமே, அதே மணம். மேனாட்டு யாத்திரிகர் பலர் அந்நகரின் நாற்றத்தைக் குறைகூறுவர். எனக்கோ, அறியாத ஊரில் அறிந்தவர் ஒருவர் தோளைத் தொட்டாற்போல இருந்தது. அந்தக் கணத்திலேயே அவ்வூரின்மேற் காதல் பிறந்தது. மாளிகைகளும் ஓவியங்களும் பின்னரே கண்ணிற் பட்டன. அவற்றைப் புகழ்ந்து எழுதினார் பலராதலின் யான் விடுகின்றேன். "எல்லாரும் அந்தக் கோயிலைப் படம் எடுக்கிறாங்க, நீங்க இங்க வந்தும் சேத்தையா பாக்கிறீங்க, மாமா?" என்று மருமகன் கேட்டான்.

சேற்றைத்தான் பார்த்தேன். அந்நகரம் நிற்பதே சேற்றின்மேல். நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளிலே மரத்தூண்களை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேற் கல் பரப்பி எழுப்பிய வீடுகள் அவை. காற்றுப்புகாச் சேற்றுக்குள் மரம் உளுப்பதில்லை என்பதை அவ்வூர்த் தச்சர் பட்டறிவாற் கண்டிருந்தனர். சேற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களும் பல. பெருநீரிலன்றி மூழ்காத புல்திட்டு 'பரேனா'. வற்றுநீரில் மட்டும் தலைகாட்டும் சேற்றுத்திட்டு 'வெல்மா'. திட்டுகளின் ஊடே வளைந்தோடும் சிற்றோடை 'கேபோ'. கழி, கானல், கண்டல், தில்லை, தாழை என்று நம் நெய்தற் பாட்டுகளிலே பயிலுஞ் சொற்களை மாணவர்க்கு ஆண்டுதோறும் பொருள்கூறி வந்தவன் யான். அச்சொற்கள் ஒரு பெருநகராகத் திரண்டு எழுந்து நிற்பதை அங்கேதான் கண்டேன்.

நெய்தற்குப் பொழுது எற்பாடு என்பது தொல்காப்பியம். எற்பாடு என்பது பிற்பகல் என்பார் ஒருசாரார். காலை என்பார் மற்றொருசாரார். கீழைத்தேயக் கல்லூரியிலே இதுபற்றி வாதிட்டு ஒரு பாடவேளை முழுவதையும் கழித்ததுண்டு. வெனிசிலே மூன்று நாளும் இருபொழுதும் கரையில் நின்று பார்த்தேன். வாதத்தை முடிக்க மனம் வரவில்லை. இரண்டும் அத்துணை அழகு.

சான் துரோவாசோ என்னும் இடத்திலே தோணி கட்டுங் கொட்டில் ஒன்று உண்டு. நம் ஓடாவிமாரைப் போன்றோர் அங்கே கொண்டோலா என்னும் கருந்தோணிகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் வருகின்றனர். அத்தோணி ஏறத்தாழ 11 மீற்றர் நீளமுடையது. எண்வகை மரத்தால் ஆயது. அதன் விந்தை யாதெனின், அது நேரானதன்று. தோணிக்காரன் பின்னே நின்று, வலப்பக்கத்தில் ஒரே தண்டால் வலிக்கிறான். அவ்வாறு வலித்தால் தோணி இடப்புறம் திரும்பிவிடுமன்றோ? அதனைத் தடுக்க இடப்பக்கத்தை 24 சென்ரிமீற்றர் மிகுதியாக அகலித்துக் கட்டுகின்றனர். கோணலாகக் கட்டியதால் நேரே போகின்றது! அமர்ந்து முதுகுகாட்டி வலிக்காமல் முன்னோக்கி நின்று வலிப்பதும் காரணத்தோடுதான். ஆழமில்லாக் களப்பிலே திட்டு எங்கே, ஓடை எங்கே என்று கண்ணாற் பார்த்துக்கொண்டே போகவேண்டும். நம் வாவியிலே நீண்ட கோலை ஊன்றித் தோணியில் நின்றபடி வரும் மீனவரும் இக்கல்வியை எவரிடமுங் கற்றவரல்லர், களப்பே கற்பித்தது.

ஆயினும் ஒன்றிலே அவர்கள் நம்மினும் பெரிது செய்தனர். களப்பு தானே நிலைப்பதன்று. ஆறுகள் மண்ணைக் கொணர்ந்து கொட்டினால் அது வயலாகிவிடும். கடல் மணற்றிடரை அறுத்தால் கடலாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே அதனைக் களப்பாகவே வைத்திருக்க வெனிஸ் மக்கள் ஐந்நூறாண்டுக்கு மேலாக உழைத்திருக்கின்றனர். 1501இல் நீர்காக்கும் அவை ஒன்றை அமைத்தனர். 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டுவரை பிரென்ற்றா, பியாவே, சீலே ஆகிய ஆறுகளையே திருப்பிக் களப்புக்கு வெளியே கடலில் விட்டனர். 18ஆம் நூற்றாண்டிலே மணற்றிடரின் கடற்புறத்தில் பெருங்கற்சுவர் எழுப்பினர். 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நீர் 194 சென்ரிமீற்றர் உயர்ந்து நகரை மூழ்கடித்த பின்னர், கடல்வாய் மூன்றிலும் 78 இரும்புக் கதவுகளை நிறுவத் திட்டமிட்டனர். அக்கதவுகள் நீர் நிரம்பிய வயிற்றோடு கடலடியிலே படுத்திருக்கும். காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் மிதந்தெழுந்து கடலை மறிக்கும். இடையிலே ஊழலும் புகுந்தது. அது வெளிப்பட்டபின் 2014இல், பெயரும் வடிவும் மாறி நிலைத்துவந்த அந்தப் பழைய நீரவையே கலைக்கப்பட்டது. 2019 நவம்பரிலே மீண்டும் 187 சென்ரிமீற்றர் வெள்ளம். 2020 ஒக்டோபர் 3ஆம் நாள் பெருநீரை மறிக்கக் கதவுகள் முதன்முறை எழுந்தன; அன்று சதுக்கம் நனையவில்லை.

வடக்கே ஏறாவூர்ப் புறத்திலிருந்து தெற்கே கல்முனைப் புறம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவிக்கும் கடல்வாய் உண்டு. பாலமீன்மடு முகத்துவாரத்திலே கோடையில் மணல் அடைத்துவிடும். மாரியிலே வயல்கள் மூழ்கும்போது அதனை வெட்டித் திறப்பர். எப்போது வெட்டுவது என்பதிலே உழவரும் மீனவரும் மாறுபடுவர். ஆற்றுவாழை ஒருபுறம் படர்கின்றது. கண்டற்காடு ஒருபுறம் குறைகின்றது. ஆண்டு முழுதும் வாவியின் நலம் ஒன்றையே பணியாகக் கொண்டு வீற்றிருக்கும் ஓரவை நமக்கு வேண்டாவோ என்று வெனிசுக் கரையிலிருந்து கேட்டுக்கொண்டேன். கடலுக்கும் களப்புக்கும் இடையே லிடோ என்னும் மணற்றிடர் கிடப்பதைப் பார்த்தபோது, அவ்வாறே கிடந்த நம் நாவலடி நினைவுக்கு வந்தது. 2004 திசம்பர் 26ஆம் நாள் அங்கே நிகழ்ந்ததை இவ்வூரார்க்கு யான் எழுதவேண்டியதில்லை.

இன்னுமொரு தொடர்பும் உண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கண்ட கடல்வழியால் வெனிசின் மிளகு வாணிகத்துக்கு முதல் அடி விழுந்தது. அது ஒருவாறு தேறி எழுந்தபோது, அதனை அடியோடு வீழ்த்தியவர் ஒல்லாந்தர். புளியந்தீவிலே 1628இல் கோட்டை கட்டியவர் போர்த்துக்கேயர். 1638இல் அதனைப் பறித்தவர் ஒல்லாந்தர். வெனிசைத் தாழ்த்திய இரு கைகளும் நம் கோட்டை மதிலிலே பதிந்திருக்கின்றன. 1797இல் நெப்போலியன் அந்நகரக் குடியரசை முடித்தான். அதற்கு ஈராண்டு முன்னர் நம் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். வெனிஸ்மேல் யான் கொண்ட காதலும் அத்திணையதே. 1951இல் அத்தீவுகளிலே ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தனர். 2022இல் அத்தொகை ஐம்பதினாயிரத்துக்குங் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் விடுதிகளாயின, இளைஞர் பாலங்கடந்து பெருநிலத்துக்குப் போயினர். பகற்பொழுதில் வந்துபோவோர் தொகை பெருகியதால், 2024 முதல் சில நாள்களில் நகருக்குள் நுழையக் கட்டணமும் வாங்குகின்றனர். இரவிலே சிறு தெருக்களில் நடந்தால் பல மாடிகளில் விளக்கில்லை.

ரியால்டோப் பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடை. அதன் கண்ணாடிக்குள்ளே சிவந்த எழுத்தில் ஓர் எண் எரிகின்றது. அந்நகரில் எஞ்சியுள்ள குடிகளின் தொகை அது. விலைப்பட்டியல் என்று எண்ணிப் பலர் கடந்து போயினர். மருமகன் நெடுநேரம் அதன் முன் நின்றான்.

"நம்மட ஊரிலயும் இப்பிடி ஒண்டு வெச்சிருந்தா, நான் போன நாள்ல ஒண்டு குறைஞ்சிருக்கும், என்ன மாமா?" என்றான்.

அவன் பிள்ளைகள் இருவரும் சூரிச்சிலே பிறந்தவர்கள். கல்லடிப் பாலத்தைப் படத்திலே கண்டவர்கள். முழுநிலவில் அப்பாலத்தடியிலே காதை வைத்தால் மீன் பாடுவது கேட்குமாமே, மெய்தானா என்று முதல்நாள் என்னைக் கேட்டிருந்தனர். 1848இலே எமர்சன் தென்னன்ற் என்பவர் அவ்வொலியைக் கேட்கவே இரவில் வாவியிலே தோணியேறிப் போனதைச் சொன்னேன். தோணித்தண்டின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் முறையையும் சொன்னேன். சின்னவன் அன்றிரவு வெனிசுக் கால்வாயின் படியில் இறங்கி, என் குடையின் முனையை நீரில் விட்டுக் காதைக் கொடுத்துப் பார்த்தான்.

"ஒண்டும் கேக்கல்ல, தாத்தா" என்றான்.