உடம்புக்குள் ஒரு படை – 12: ஹாம்ஸ்டர் சொன்ன சாட்சி

சாயர்புரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வளர்ப்பு முத்துக்காக ஒரு சிப்பியின் சதையை இன்னொரு சிப்பிக்குள் வைக்கிறார்களே, அதை அந்தச் சிப்பி எப்படி ஏற்றுக்கொள்கிறது? நம் உடம்பு மட்டும் ஏன் அடுத்தவர் சதையோடு மல்லுக்கு நிற்கிறது?”

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில்தான், 1973-ல் கே. அழகர்சாமியின் முயற்சியில் உருண்டையான வளர்ப்பு முத்து இந்தியாவில் உருவானது. உருண்டைக் கரு ஒன்றையும், வேறொரு சிப்பியின் மேன்டில் சதையில் சிறு துண்டையும் உள்ளே வைப்பார்கள். எல்லாச் சிப்பியும் ஏற்பதில்லை. சில கருவை வெளியே தள்ளிவிடும், சில செத்தும்போகும். ஏற்றுக்கொண்டதில் அந்தத் துண்டு பையாக வளர்ந்து கருவின்மேல் முத்துப்பூச்சை ஏற்றும். சிப்பிக்கு ஆன்டிபாடியும் கிடையாது, டி செல்லும் கிடையாது. அந்நியர் ஒவ்வொருவரையும் அடையாளம் வைத்துத் தேடிப்பிடிக்கும் படை அதனிடம் இல்லை.

நம்மிடம் இருக்கிறது. அப்படியொரு படை இருந்தால் அதை அடக்கவும் ஏதாவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சொந்த வீட்டையே இடித்துவிடும். அப்படி அடக்கும் புரதங்களில் ஒன்றுதான் பி.டி.-1.

1992-ல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகத்தில் யசுமசா இஷிடா இதன் மரபணுவைக் கண்டெடுத்தார். தானாகச் சாகும் செல்களில் எந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்று தேடியபோது சிக்கியது அது. ஆகவே சாவோடு தொடர்புள்ளது என்றே முதலில் நினைத்தார்கள். மரபணு கையில் இருந்தது. ஆனால் புரதம் எந்தச் செல்லின்மேல், எப்போது முளைக்கிறது? அதைப் பார்க்க, பி.டி.-1ஐ மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும்.

ஆய்வு நடந்தது எலியில். எலியின் புரதத்துக்கு எதிராக எலியே ஆன்டிபாடி செய்வது அரிது. தன்னுடையதைத் தாக்காதிருக்கப் பழகிய உடம்பு அது. அதனால் எலியின் பி.டி.-1ஐ ஹாம்ஸ்டருக்குக் காட்டினார்கள். ஹாம்ஸ்டருக்கு அது அந்நியம். ஆன்டிபாடி செய்யும் அதன் செல்லைச் சாகாத புற்றுச்செல்லோடு இணைத்தால், ஒரே மாதிரியான ஆன்டிபாடி வற்றாமல் கிடைக்கும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்ட வழி இது. இப்படிப் பிறந்ததுதான் ‘ஜே43’.

ஒளிரும் சாயத்தின் உதவியோடு ஜே43 எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். 1996-ல் விடை வந்தது: சும்மா இருக்கும் டி, பி செல்களில் பி.டி.-1 அநேகமாக இல்லை. தூண்டிவிட்டதும் மேற்பரப்பில் முளைக்கிறது. சாகப்போகிற செல்லின் அடையாளமல்ல, சண்டையில் இறங்கிய செல்லின் அடையாளம். 1999-ல் பி.டி.-1 மரபணுவை நீக்கிய எலிகளுக்கு வயது ஏற ஏற மூட்டிலும் சிறுநீரகத்திலும் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது. பி.டி.-1 ஒரு பிரேக் என்பது அப்போது தெளிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆன்டிபாடி ஒட்டியது என்பதாலேயே அங்கே புரதம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில செல்களில் ஆன்டிபாடிகளின் வால்பகுதியைப் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. எந்த ஆன்டிபாடியும் அங்கே போய்த் தொற்றிக்கொள்ளும். அதனால் பி.டி.-1ஐ அறியாத வேறொரு ஹாம்ஸ்டர் ஆன்டிபாடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதைவிட உறுதியான சோதனை, மரபணு நீக்கிய எலியின் செல். அங்கேயும் ஒளிர்ந்தால் குப்பியின் மேலுள்ள பெயரை நம்பக்கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வெளியான முடிவுகளால் எத்தனையோ ஆய்வகங்கள் காலத்தையும் காசையும் இழந்திருக்கின்றன.

பார்க்க உதவிய கருவி மாற்றவும் உதவியது. ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதுவின் குழு 2006-ல் அமெரிக்காவில் காட்டியது இது: நாள்பட்ட வைரஸ் தொற்றில் களைத்துப்போன டி செல்கள் பி.டி.-1ஐ நிறையச் சுமக்கின்றன. அதை அழுத்தும் புரதத்தை ஆன்டிபாடியால் மறைத்தால் மறுபடி சண்டைக்கு எழுகின்றன. புற்றுநோயிலும் இதே உத்தி பலித்தது. 2018-ல் ஹோஞ்சோவுக்கும் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் கிடைத்தது. மனிதருக்கான மருந்து ஆய்வகக் குப்பியிலிருந்து வந்ததல்ல, மனிதப் பி.டி.-1ஐப் பற்றும்படி தனியாகச் செய்தது.

அதன் விலைதான் நம் ஊருக்குப் பெரிய தடை. அப்படிப் பி.டி.-1ஐப் பற்றும் மருந்தான நிவோலுமாப் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராமைச் சோதித்தது. குறைந்த அளவு மாத்திரைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதம், அதோடு நிவோலுமாபும் பெற்றவர்களில் 43.4 சதவீதம். புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் பிரேக்கை எடுத்தால் வண்டி புற்றை நோக்கி மட்டும் ஓடுமா? சிலருக்குத் தைராய்டையும் குடலையும் நுரையீரலையும் தாக்குகிறதே, அது ஏன்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)