உழவும் உலோகமும் – 11: மூடிய பெட்டியின் பலம்

ஒரு தாளைச் சுருட்டி, ஓரத்தை முழு நீளத்துக்கும் பசை போட்டு ஒட்டுங்கள். காய்ந்ததும் இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், விறைத்து நிற்கும். ஒட்டிய இடத்தைப் பிளேடால் கீறிவிட்டு மறுபடி முறுக்குங்கள். துணி போலத் துவளும். தாள் அதே தாள்தான். பட்டறைகளில் 'ஸ்கொயர் பைப்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சதுர இரும்புக் குழாயின் பலமும் இப்படித்தான்.

50 மி.மீ. சதுரம், 3 மி.மீ. கனமுள்ள குழாயை நீளவாக்கில் ஒரு கோடாகப் பிளந்தால், முறுக்கைத் தாங்கும் விறைப்பு ஏறத்தாழ 180-இல் ஒரு பங்காகிவிடும். இரும்பு அப்படியே இருக்கிறது. போனது, நான்கு சுவரும் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி.

டிராக்டர் கலப்பைக்கு இந்தப் பிடிதான் வேண்டும். கொழு, சட்டத்துக்கு வெகு கீழே மண்ணுக்குள் ஓடுகிறது. மண் அதைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள, மேலே சட்டம் முறுக்கப்படுகிறது. ஓரத்துக் கொழு பனை வேரில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். ஆங்கிளும் சேனலும் வாய் திறந்தவை. வளைவைத் தாங்கும், முறுக்குக்குத் தோற்கும். இரண்டு ஆங்கிளை எதிரெதிராக வைத்து முழு நீளத்துக்கும் பற்றவைத்தால் அதுவும் பெட்டிதான். அங்கங்கே டேக் (சிறு பற்று) வைத்து விட்டுவிட்டால் பெட்டி ஆகாது.

அதனால்தான் சட்டத்தில் துளை போடுவதை நான் எதிர்க்கிறேன். எங்கள் வீட்டு ஒன்பது கொழுக் கலப்பையின் சட்டம் முறிந்தது, போல்ட்டுக்காகத் துளைத்த இடத்தில்தான். யு போல்ட் போட்டு இறுக்கினால் குழாயின் சுவர் காயப்படாது; கொழுக்களின் இடைவெளியையும் பயிருக்கேற்ப மாற்றலாம்.

வாங்கும்போது கனத்தைப் பாருங்கள். கேட்டும் கிரில்லும் செய்யும் 16 கேஜ் குழாய் 1.6 மி.மீ.தான், உழவுக்கு ஆகாது. வெளியே பார்த்தால் இதுவும் 3 மி.மீ. குழாயும் ஒன்றுபோலவே இருக்கும். தராசு சொல்லிவிடும்: 50 மி.மீ. சதுரத்தில் 6 மீட்டர் நீளம், 3 மி.மீ. கனம் என்றால் சுமார் 25 கிலோ. 16 கேஜ் என்றால் 14 கிலோ.

விரிசல் கண்டால் மேலே ஒரு தகட்டை ஒட்டி அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. முதலில் விரிசலின் இரு முனையிலும் சிறு துளை இட வேண்டும். மேலும் ஓடாமல் அது நிறுத்தும். (துளையே கூடாது என்றவன் இதற்குச் சம்மதிக்கிறேன்.) பிறகு விரிசலைக் கிரைண்டரால் பள்ளமாக்கி ஆழத்திலிருந்து நிரப்ப வேண்டும். அதன்மேல் வைக்கும் தகடு சாய்சதுரமாக இருக்கட்டும். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்டு விழுந்தால், அடுத்த முறிவு அந்தக் கோட்டிலேயே வரும். ஜிங்க் பூசிய குழாயானால் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள். பற்றவைக்கும்போது எழும் ஜிங்க் புகை காய்ச்சல் தரும்.

குழாயின் முனைகளைத் தகடு வைத்து மூடுவது நல்லது. திறந்து கிடந்தால் மழைநீரும் சேறும் புகுந்து உள்ளிருந்தே துரு தின்னும். ஆனால் இரு முனையும் மூடிய பழைய குழாய் பழுதுக்கு வந்தால் எடுத்ததும் வெல்டு வைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கக்கூடும். பட்டறையில் உங்கள் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முதலில் ஒரு சிறு துளை போட்டு, உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு நெருப்பு வையுங்கள்.