பிரெக்ஸிட்: தேதி தள்ளிப்போனது, ஊழியர்கள் காத்திருந்தனர்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்கான ஆயத்தப் பணிகளுக்காக 2016 ஜூன் முதல் 2020 ஜனவரி வரை பிரிட்டன் அரசுத் துறைகள் குறைந்தபட்சம் 440 கோடி பவுண்டு செலவிட்டதாக அந்நாட்டின் தேசிய தணிக்கை அலுவலகம் கணக்கிட்டுள்ளது. அதில் 190 கோடி பவுண்டு ஊழியர்களுக்கான செலவு. பணி உச்சத்தில் இருந்த 2019 அக்டோபரில் சுமார் 22,000 அரசு ஊழியர்கள் இதே வேலையில் ஈடுபட்டிருந்தனர்.

ஒரு வர்த்தக மாற்றத்துக்கு இத்தனை பேர் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே.

பொதுச் சந்தையில் இருந்தவரை, பிரான்ஸின் கலே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு ஒரு சரக்கு லாரி வருவது நம் ஊரில் ஒரு மாவட்டத்தைக் கடந்து அடுத்த மாவட்டத்துக்குச் செல்வதைப் போன்றதுதான். சுங்கப் படிவம் இல்லை, வரி இல்லை, சோதனையும் இல்லை. வெளியேறிய பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிவிப்பு கட்டாயம். ஆண்டுக்கு 5.5 கோடியாக இருந்த இத்தகைய அறிவிப்புகள் 25.5 கோடி வரை உயரக்கூடும் என 2017-ல் மதிப்பிடப்பட்டது. நெரிசலான நாள்களில் டோவர் வழியே சுமார் 10,000 லாரிகள் செல்கின்றன. ஒவ்வொன்றும் கூடுதலாக 2 நிமிடம் நின்றாலே சாலையில் 17 மைல், அதாவது 27 கிலோமீட்டருக்கு வரிசை நீளும் என்று துறைமுக நிர்வாகம் எச்சரித்திருந்தது.

ஆகவே வருவாய் மற்றும் சுங்கத் துறைக்கு மட்டும் 3,000 முதல் 5,000 பேர் வரை கூடுதலாகத் தேவைப்படுவர் என அதன் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழுவிடம் தெரிவித்தார். சிக்கன நடவடிக்கைகளால் பிரிட்டனின் அரசு ஊழியர் எண்ணிக்கை 2016-ல் சுமார் 3.84 லட்சமாக, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்குச் சுருங்கியிருந்த நேரம் அது. ஆள்களைக் குறைத்து முடித்த கையோடு மீண்டும் ஆள் தேட வேண்டிய நிலை.

ஆள் கிடைத்தாலும் அவரை மறுநாளே எல்லையில் நிறுத்திவிட முடியாது. பொருளின் வகைப்பாட்டு எண், அது உருவான நாடு, அதன் மதிப்பு ஆகியவற்றைச் சரிபார்க்கப் பயிற்சியும் அனுபவமும் வேண்டும். இறைச்சி, பால் பொருள்கள் என்றால் கால்நடை மருத்துவரின் கையெழுத்து தேவை. பிரிட்டன் இறைச்சிக் கூடங்களில் அரசுப் பணியாற்றிய கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டினர். அவர்களுக்கான தேவை பெருகிய அதே வேளையில், தடையின்றி வந்து பணியாற்றும் உரிமை முடிவுக்கு வந்தது.

எல்லாவற்றையும்விட பெரிய சிக்கல் தேதிதான். 2019 மார்ச் 29 என்று குறிக்கப்பட்ட வெளியேற்றம் ஏப்ரல் 12-க்கும், பின்னர் அக்டோபர் 31-க்கும், இறுதியில் 2020 ஜனவரி 31-க்கும் தள்ளிப்போனது. ஒப்பந்தமின்றி வெளியேற நேர்ந்தால் சமாளிப்பதற்காக 'யெல்லோஹேமர்' என்ற பெயரில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தமற்ற வெளியேற்றத்துக்கான ஆயத்தத்தில் இருந்த சுமார் 6,000 ஊழியர்களின் பணி 2019 ஏப்ரலில் நிறுத்தி வைக்கப்பட்டது. சில மாதங்களிலேயே அதே வேலை மீண்டும் முடுக்கிவிடப்பட்டது.

கடலின் மறுகரையில் நிலைமை வேறு. எந்தத் தேதியில் வெளியேறினாலும் பிரிட்டன் இனி அந்நிய நாடே என்ற கணக்கில் நெதர்லாந்து 2018-லேயே ஆள்சேர்ப்பைத் தொடங்கியது. அந்நாடு சுமார் 900 சுங்க அதிகாரிகளையும், பிரான்ஸ் சுமார் 700 பேரையும், அயர்லாந்து சுமார் 600 பேரையும் சேர்க்கத் திட்டமிட்டன. 2021 ஜனவரி 1 அன்று மாற்றக் காலம் முடிந்ததுமே பிரிட்டன் சரக்குகள் மீதான சோதனையை ஐரோப்பிய நாடுகள் தொடங்கிவிட்டன.

பிரிட்டன் அப்படிச் செய்யவில்லை. 2020 ஜூலையில் எல்லைப் பணிகளுக்கு 70.5 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது. அதில் 1 கோடி பவுண்டு, எல்லைப் படைக்குச் சுமார் 500 பேரைச் சேர்ப்பதற்கானது. ஆயினும் ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுப் பொருள்கள் மீதான சோதனை ஐந்து முறை ஒத்திவைக்கப்பட்டு, 2024 ஏப்ரல் 30-ல்தான் நேரடிப் பரிசோதனை தொடங்கியது. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் சுமார் 2.5 கோடி பவுண்டில் எழுப்பப்பட்ட சோதனை மையம் அதுவரை பூட்டிக் கிடந்தது. விதிகள் மாறியதால், திறந்தபோதும் அதன் பெரும் பகுதி தேவைப்படவில்லை. கட்டடம் பூட்டிய நிலையில் காத்திருக்கும். பயிற்சி பெற்ற ஊழியர் அவ்வாறு காத்திருப்பதில்லை.

பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய எல்லை ஏற்பாடுகளுக்கு மொத்தம் குறைந்தபட்சம் 470 கோடி பவுண்டு செலவாகும் என 2024 மே மாதத்தில் தணிக்கை அலுவலகம் தெரிவித்தது. அடுத்த ஆண்டு மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவு மற்றும் தாவரப் பொருள்களுக்கான பெரும்பாலான சோதனைகளை நீக்கும் வகையில் உடன்பாடு காண இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அது நடைமுறைக்கு வந்தால், இந்த மையங்களிலும் அங்கு பணியாற்றுவோரிலும் கணிசமான பகுதிக்கு மீண்டும் வேலை இருக்காது.