வடியும் நீர் குறைந்தால் யார் மீது குற்றம்?

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோரின் குடும்பங்களிலிருந்து எங்களிடம் அடிக்கடி ஒரு முறையீடு வருகிறது. "இரண்டு லிட்டர் உள்ளே விட்டோம், அந்த அளவுகூடத் திரும்பி வரவில்லை. எங்களுக்குத் தெரியாமல் தண்ணீர் குடிக்கிறார்" என்பார் உடனிருப்பவர். நோயாளி தலைகுனிந்து அமர்ந்திருப்பார். நீரும் உப்பும் மிகுந்தால் உடல் வீங்கும் என்பது உண்மையே. ஆயினும் தண்ணீர் குடிப்பதால் பையில் வடியும் அளவு குறைவதில்லை. அதற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதலில் குழாய் மடங்கியுள்ளதா, மலச்சிக்கல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அவை இல்லையெனில், பெரிட்டோனியம் எனப்படும் வயிற்று உட்சவ்வின் இயல்பை ஆராய்கிறோம்.

இச்சவ்விலுள்ள தந்துகிகளின் சுவரில் மூவகைத் துளைகள் உண்டு. எண்ணிக்கையில் மிகக் குறைந்த பெருந்துளைகள் வழியே புரதம் கசிகிறது. சிறுதுளைகள் வழியே யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகள் நீருடன் வெளியேறுகின்றன. மூன்றாவது, நீரை மட்டும் கடக்கவிடும் அக்குவாபோரின்-1 என்னும் புரதவாயில். பையிலுள்ள சர்க்கரை இழுக்கும் நீரில் ஏறத்தாழப் பாதி இவ்வழியே வருகிறது.

சவ்வில் செயல்படும் தந்துகிகள் மிகுந்திருந்தால் கழிவு விரைந்து நீங்கும். இது நன்மையெனத் தோன்றலாம். ஆனால் பையிலுள்ள சர்க்கரையும் அதே விரைவில் இரத்தத்தில் கலந்துவிடுவதால், நீரை இழுக்கும் விசை தளர்கிறது. வடிந்த நீரும் உடலுக்குள் திரும்புகிறது. மெதுவான சவ்வில் நீர் நன்கு வடியும்; கழிவு நீங்கத்தான் நேரம் பிடிக்கும்.

இவ்வேறுபாட்டில் ஒரு பகுதி பிறவியிலேயே அமைவது. அக்குவாபோரின்-1 மரபணுவின் ஒரு மாறுபாட்டைக் கொண்டவர்களுக்கு நீர் குறைவாக வடிவதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. சவ்வில் நிலவும் அழற்சியும் கடத்தலை விரைவாக்கும். ஆண்டுக்கணக்கில் சர்க்கரைக் கரைசல் படுவதாலும், கிருமித்தொற்று மீண்டும் மீண்டும் தாக்குவதாலும் புதிய இரத்தக்குழாய்கள் பெருகும். சவ்வு நார்போல் தடித்துப்போகும்.

ஒருவரது சவ்வின் இயல்பை அறிய, 1987இல் துவார்டோவ்ஸ்கி குழுவினர் வகுத்த சமநிலைச் சோதனை உதவுகிறது. கரைசலை 4 மணி நேரம் வயிற்றில் நிறுத்தியபின், அதிலுள்ள கிரியாட்டினினை இரத்தத்திலுள்ள அளவுடன் ஒப்பிடுகிறோம். விகிதம் 0.81க்கு மேற்பட்டால் விரைவுச் சவ்வு, 0.50க்குக் குறைந்தால் மெதுவான சவ்வு; பலர் இடைப்பட்டவர்கள். விரைவுச் சவ்வுடையோர்க்குக் குறுகிய நேரப் பரிமாற்றங்கள், இரவில் இயங்கும் டயாலிசிஸ் இயந்திரம், நீண்டநேரப் பரிமாற்றத்துக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசல் ஆகியவை பயன்படும். மெதுவான சவ்வுடையோர்க்குக் கரைசலை நெடுநேரம் நிறுத்துகிறோம்.

ஆகவே உங்களிடம் நாங்கள் வேண்டுவன சில. உள்ளே விட்ட அளவு, வடிந்த அளவு, உடல் எடை ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். வடிவது குறைகிறதென்று நீங்களாகவே சர்க்கரை மிகுந்த பைக்கு மாறாதீர்கள். இன்று நீரை இழுக்கும் அதே சர்க்கரை நாளடைவில் சவ்வைக் கெடுக்கும். வடியும் நீர் கலங்கினாலோ, வயிற்றுவலி, காய்ச்சல் கண்டாலோ, மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ உடனே வாருங்கள். கைகளைக் கழுவி, முகக்கவசம் அணிந்து பை மாற்றுவது சவ்வைக் காக்கும் பெருந்துணை.

அடுத்த முறை வடிநீர் குறைந்தால், நோயாளியைக் குற்றஞ்சாட்டுமுன் குறிப்பேட்டை எங்களிடம் கொண்டுவாருங்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் சிகிச்சை முறையாகவே இருக்கும்.